மிச்சமும் வகுபடாது

சின்னவள் வார்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் பேனா மூடியைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டிருந்தார்.

"இரு, கையெழுத்துப் போடாத!" என்று வாசலிலிருந்தே கத்தினாள். பக்கத்துக் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தவர் திடுக்கிட்டு விழித்தார். பேருந்தை டிப்போவில் விட்டதும் விடாததுமாக ஓடி வந்திருந்தாள். டிரைவர் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

அண்ணன் மூடியை வாயிலிருந்து எடுத்தார். "போன்லயே சொன்னேன்ல. நேரமில்ல. ஆபரேஷன் தியேட்டர் தயாரா இருக்கு."

"அக்கா என்ன சொன்னா?"

"அக்கா சொல்ற நிலையில இல்ல."

கட்டிலில் கிடந்த அக்காவைப் பார்த்தாள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் முகமூடி. காய்ச்சலில் கன்னம் இரண்டும் தணல் மாதிரி சிவந்திருந்தன. போர்வை இடது முழங்காலுக்குக் கீழே தட்டையாகப் படிந்து கிடந்தது. வலது பக்கம் அதே போர்வையைப் பாதத்தில் படாமல் ஒரு கம்பிக்கூண்டு தூக்கிப் பிடித்திருந்தது. எத்தனை மருந்து தெளித்தாலும் அந்தக் கூண்டுக்குள்ளிருந்து வந்த வாடையை மறைக்க முடியவில்லை.

சர்க்கரை வியாதி அக்காவிடம் அவசரமே காட்டியதில்லை. முதலில் இடது கால் விரல்கள். பிறகு அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே மொத்தமும். பிறகு இடது கண். இப்போது வலது பாதம் கறுத்துவிட்டது. தொடையோடு எடுத்தால் ஒருவேளை பிழைக்கலாம், எடுக்காவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறி ஓரிரு நாளில் முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அப்போது அக்கா தெளிவாக இருந்தாள். "வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் காய்ச்சல் ஏறியது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ராத்திரிப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்ற களைப்பு கண்ணில் தெரிந்தது. அவள் பொறுமையாகச் சொன்னாள். "காலையிலேர்ந்து குழப்பத்துல இருக்காங்க. பேர் கேட்டா பதில் இல்ல. மாசம் கேட்டா பதில் இல்ல. நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிங்கன்னு சொன்னேன், மனசு தெளிவா இருக்கான்னு பாக்கற சோதனைதான் அது. சம்பந்தமே இல்லாம ஒரு நீள நம்பரைச் சொல்றாங்க. அதையே திரும்பத் திரும்ப. முன்னாடி 'வேணாம்'னாங்க, ஆனா இப்பவும் அதேதானான்னு கேட்டு உறுதிப்படுத்த முடியல. குடும்பம்தான் முடிவு பண்ணணும்."

"என்ன நம்பர்?"

"நீங்களே கேளுங்க."

சின்னவள் குனிந்து முகமூடியோரம் காதை வைத்தாள். உலர்ந்த உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"...ரெண்டு, ஒண்ணு, ஆறு, அஞ்சு, ஆறு, ஏழு, ஆறு, ரெண்டு, ஒம்பது, ஒண்ணு, மூணு, ஏழு."

ஒரு மூச்சு. பிறகு மறுபடியும்.

"ஒண்ணு, ஆறு, அஞ்சு, ஆறு, ஏழு, ஆறு, ரெண்டு, ஒம்பது, ஒண்ணு, மூணு, ஏழு."

சின்னவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிரிப்பும் வந்தது. ஆஸ்பத்திரி வார்டில், அண்ணன் முகத்தில் ஈயாடாத அந்த நேரத்தில், அவள் பக்கென்று சிரித்துவிட்டாள்.

"என்னடி சிரிப்பு?" என்றார் அண்ணன். அவர் குரல் உடைந்திருந்தது.

அந்த எண்ணைச் சின்னவளுக்கு நன்றாகத் தெரியும்.

அக்கா கல்லூரியில் எண் கோட்பாடு சொல்லிக்கொடுத்தவள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'பகா'. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மிச்சமில்லாமல் வகுக்க முடியாத எண்தான் பகா எண். வாழ்நாள் முழுக்க அவள் அவற்றின் பின்னாலேயே அலைந்தாள் என்பதால் அந்தப் பெயர். அவளோடு வாதம் பண்ணி ஜெயித்தவர் யாருமில்லை என்பது இன்னொரு காரணம். பெயரைக் கேள்விப்பட்டபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்ல, இலக்கணம் சரியா இருக்கு" என்றாள்.

இடது கால் போய் வீட்டுக்கு வந்திருந்த சமயம் சித்தி பார்க்க வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்தி, "பாதி ஆளாயிட்டியேடி" என்று அழுதாள்.

"பாதின்னா ரெண்டால வகுக்கணும் சித்தி" என்றாள் அக்கா. "என்னை வகுக்க முடியாது. காப்பி ஆறுது, குடிங்க."

சித்தி போன பிறகு சின்னவளைக் கூப்பிட்டு, மாத்திரை அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ஒரு எண் எழுதினாள். 357686312646216567629137. பெட்டியின் அகலம் போதாமல் கடைசி மூன்று இலக்கங்கள் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"இது ஒரு பகா எண். இப்ப முதல் இலக்கத்தைக் கட்டைவிரலால மறை."

சின்னவள் மறைத்தாள்.

"மிச்சம் இருக்கறதும் பகா எண்தான். அடுத்ததையும் மறை."

"இதுவுமா?"

"இதுவும். இன்னும் நகத்து."

கட்டைவிரல் இடமிருந்து வலமாக நகர்ந்தது. எண் குட்டையாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா "இன்னும்" என்றாள். 9137. இன்னும். 137. இன்னும். 37. இன்னும். கடைசியில் ஏழு மட்டும் நின்றது. அதுவும்.

"நடுவுல சைபர் இல்லாம இந்தக் குணத்தோட இருக்கற எண்கள்ல இதுதான் ஆகப் பெருசு" என்றாள் அக்கா. "இதுக்கு முன்னால ஒண்ணுலேர்ந்து ஒம்பது வரைக்கும் எந்த இலக்கத்தை வேணா ஒட்டிப் பாரு. உடஞ்சிடும். எதாலயாவது வகுபட்டுடும். எடுக்க எடுக்கத் தாங்கும். ஒண்ணு கூடச் சேக்க முடியாது."

சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "உன்ன மாதிரியேக்கா. உனக்கும் இடப்பக்கமாத்தான் எடுத்துட்டு வர்றாங்க. நீ அப்படியே..."

"நிறுத்து." அக்காவின் முகம் சுருங்கியது. "எனக்கு ஆறுதல் சொல்ல எண்ணைத் தூது அனுப்பாத. அதுக்கு என்னைத் தெரியவே தெரியாது. நான் பொறக்கறதுக்கு முன்னாடியும் அது இப்படித்தான் இருந்துச்சு. நான் செத்தாலும் இப்படித்தான் இருக்கும். எனக்காக ஒரு இலக்கம்கூட அசையாது. அதனாலதான்டி அதை எனக்குப் பிடிச்சிருக்கு."

சின்னவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த எண்ணை வீம்புக்கு மனப்பாடம் பண்ணினாள். சிவப்பு விளக்கில் பேருந்து நிற்கும்போதெல்லாம் ஒவ்வொரு இலக்கமாகக் கழித்துச் சொல்லிப் பார்ப்பாள். பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அடித்தால் எங்கே விட்டோம் என்று மறந்து போகும். முதலிலிருந்து தொடங்குவாள்.

இப்போது அவள் டாக்டரின் பக்கம் திரும்பினாள். "டாக்டர், இவ திரும்பத் திரும்பச் சொல்லல. ஒவ்வொண்ணா குறைச்சிட்டு வர்றா. எழுதிப் பாருங்களேன்."

கட்டில் தலைமாட்டில் நோயாளியின் விவரம் எழுதும் வெள்ளைப்பலகை தொங்கியது. டாக்டர் தயங்கித் தயங்கி அதில் எழுத ஆரம்பித்தாள். அக்கா சொல்லச் சொல்ல, ஒன்றன்கீழ் ஒன்றாக, வலது ஓரத்தை நேராக வைத்து எழுதினாள். இடது ஓரம் படிக்கட்டு மாதிரி இறங்கி வந்தது. ஒரு படிகூடத் தவறவில்லை. மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் அக்கா நிறுத்தினாள். கடைசி வரியில் ஏழு தனியாக நின்றது.

டாக்டர் அந்தப் படிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேர்மையாகவே சொன்னாள். "அழகா இருக்கு. ஆனா மனப்பாடம் பண்ணினது காய்ச்சல்லயும் வரும். பாட்டு மாதிரி. இதை வச்சு நான் தெளிவா இருக்காங்கன்னு சொல்லிட முடியாது."

"ஏழு" என்றாள் அக்கா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முகமூடியைத் தள்ளச் சொல்லி விரலால் சாடை காட்டினாள். சின்னவள் அதைக் கழுத்துக்கு இறக்கினாள். அக்காவின் ஒற்றைக் கண் டாக்டரின் மேல் போய் நின்றது.

"ஏழு ஏழா தானே? தொண்ணூத்துமூணு. எண்பத்தாறு. எழுபத்தொம்பது. எழுபத்திரெண்டு. அறுபத்தஞ்சு. அம்பத்தெட்டு. அம்பத்தொண்ணு. நாப்பத்துநாலு. முப்பத்தேழு. முப்பது. இருபத்துமூணு. பதினாறு. ஒம்பது. ரெண்டு." இளைப்பு வாங்கியது. விடவில்லை. "மிச்சம் ரெண்டு. இதுல பகா எண் எழுபத்தொம்பது, முப்பத்தேழு, இருபத்துமூணு, அப்புறம் அந்த ரெண்டு. போதுமா? இன்னும் ஒண்ணாங்கிளாஸ் கணக்கு பாக்கி இருக்கா?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். அதுவரை நின்றபடியேதான் பேசிக்கொண்டிருந்தாள்.

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"காலையில நீங்க என்னைச் சோதிச்சீங்க, என்கிட்ட பேசல. என் தலைக்கு மேல பேசினீங்க."

டாக்டர் தலையை மட்டும் அசைத்தாள். "சரி. இப்ப உங்ககிட்டயே கேக்கறேன். கால எடுக்கலைன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"செத்துப் போவேன்."

"எடுத்தா பிழைக்க வாய்ப்பு இருக்கு. பெரிய வாய்ப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா இருக்கு."

"தெரியும். எடுத்தா அடுத்து கிட்னி. அதுக்கப்புறம் இந்தக் கண்ணு. எனக்குப் படிக்கணும். படிக்க முடியாம கிடந்து மூச்சு விடறதுக்குப் பேரு வேற." கொஞ்சம் நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்தாள். "வெட்ட வேணாம். வலி மட்டும் இல்லாம பாத்துக்கோங்க."

டாக்டர் எழுந்தாள். அண்ணனின் கையிலிருந்த தாளை மெல்ல வாங்கிக்கொண்டாள். "இதுல நீங்க கையெழுத்துப் போட வேண்டியதில்ல சார். முடிவு அவங்களோடது." தியேட்டருக்குத் தகவல் சொல்ல வெளியே போனாள்.

அண்ணனின் கை காலியாக அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அப்பா போன பிறகு இரண்டு தங்கைகளையும் தூக்கிச் சுமந்தவர். அக்காவின் புத்தகப் பெட்டிகளைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறியவர். தான் பார்த்துப் பார்த்து வளர்த்தது தன் கண் முன்னால் தன்னைக் கேட்காமல் போகத் துணிந்ததை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"நீ நம்பர் இல்லடி" என்றார். "ஆளு. எங்க வீட்டு ஆளு."

"அதைத்தான்ணா நானும் சொல்றேன்."

"எனக்காக. இந்த ஒரு தடவை எனக்காக."

அக்கா கண்ணை மூடினாள். பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"போன தடவை குடுத்தேனே இடது காலு. அது உனக்காகத்தான்ணா."

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. சின்னவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். வெள்ளைப்பலகையில் எண்களின் படிக்கட்டு அப்படியே இருந்தது. நர்ஸ் வந்து அழிக்கப்போனாள். அக்கா "அது இருக்கட்டும், ரத்த அழுத்தத்தைக் கீழ எழுதுங்க" என்றாள்.

அன்று முழுவதும் அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள். ஊசி வலியைக் கட்டிப்போட்டது. ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். கீழே வண்டிகளை நிறுத்தும் இடத்தில் எவனோ ஒருவன் காரை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தித் திணறிக்கொண்டிருந்தான்.

"உன் பஸ்ஸே அந்த இடத்துல நுழைஞ்சிடும்ல?" என்று சின்னவளிடம் கேட்டாள்.

"கண்ண மூடிக்கிட்டு நுழைப்பேன்."

"பீத்திக்காத" என்றாள். உதட்டோரம் மட்டும் சிரித்தது.

அண்ணன் சீப்பை எடுத்து வந்து அவள் தலையை வாரினார். வாரத் தெரியாமல் வாரினார். சிக்கு இழுத்தபோதெல்லாம் அவள் "ஸ்ஸ்" என்றாள். ஆனால் கையைத் தட்டிவிடவில்லை.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் மூச்சு நீண்டது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. சின்னவள் ஒரு பக்கமும் அண்ணன் ஒரு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மூச்சுக்காகக் காத்துக் காத்து இருந்தார்கள். ஒரு தடவை அது வரவில்லை. கீழே யாரோ காரின் கதவை அறைந்து சாத்தினார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கூடம் நிறைந்துவிட்டது. சித்தி வந்ததும் சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"கால எடுத்திருந்தா பொழைச்சிருப்பாளாமே? டாக்டரே சொன்னாங்களாமே? கூடப்பொறந்தவங்க ரெண்டு பேர் கல்லு மாதிரி நின்னுக்கிட்டு எப்படித்தான் விட்டீங்க?"

கூடத்தில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. சின்னவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். அவருடைய சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. காலையிலிருந்து யாரும் அதைச் சொல்லவில்லை.

"நாங்க விடல சித்தி. அவ வேணாம்னா."

"காய்ச்சல்ல ஏதோ உளறியிருப்பா. நீ பெரியவன், நீ..."

"உளறல." அவர் குரல் உயரவில்லை. "நான்தான் உளறினேன். அவ புத்தி கடைசி மூச்சு வரைக்கும் கத்தி மாதிரி இருந்துச்சு. வேணாம்னு சொன்னா. சொல்றதுக்கு அவளுக்கு உரிமை இருந்துச்சு. அவ சாவை நீங்க யாரும் திருத்த வேண்டாம்."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு மூலையிலிருந்து யாரோ, பாவம், நோயோடு போராடித் தோற்றுப்போனாள் என்று மெதுவாக இழுத்தார்கள்.

"தோக்கல" என்றாள் சின்னவள். யார் சொன்னது என்றுகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆட்டத்த அவதான் நிறுத்தினா."

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யாரும் 'பாவம்' என்று சொல்லவில்லை.

புதைக்கிற இடத்தில் கூட்டம் குறைவு. மேகம் கவிந்து காற்று ஈரமாக வீசியது. கல்லூரியிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றார்கள். பெட்டியை இறக்கியாயிற்று. முதல் பிடி மண்ணை அண்ணன் போட்டார், அடுத்ததைச் சின்னவள் போட்டாள். மண்வெட்டிக்காரர்கள் இருவர் மிச்ச வேலையைத் தொடங்க நெருங்கினார்கள். அப்போது கல்லூரிக் கூட்டத்திலிருந்து ஒல்லியான ஒரு கிழவர் விலகி வந்தார். கக்கத்தில் கறுப்புக் குடை. கல்லூரியில் அக்காவின் அறைக்கு எதிர் அறை அவருடையது. இருவரும் ஒரே பாடம் நடத்தியவர்கள். எந்தக் கூட்டத்திலும் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொண்டதில்லை.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நேராகச் சின்னவளிடம் வந்தார்.

"உங்க அக்கா படுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நிரூபணம் அனுப்பியிருந்தாங்க. அதுல ஒரு இடத்துல ஓட்டை இருக்கு. பதில் எழுதறதுக்குள்ள..." குடையைக் கக்கத்திலிருந்து எடுத்தார். "ஓட்டை இருக்கு. அதைச் சொல்லாம இருக்கறது எனக்குச் சரியாப் படல."

அண்ணன் முகம் சிவந்தது. "சார், இன்னைக்குக்கூடவா?"

"இருண்ணா" என்றாள் சின்னவள். "எங்க ஓட்டை? காட்டுங்க."

"உங்களுக்குப் புரியுமா?"

"புரியாது. காட்டுங்க."

கிழவர் சுற்றிப் பார்த்தார். குழி ஓரத்தில் தோண்டிப் போட்டிருந்த மண் பரந்து கிடந்தது. குடையின் நுனியால் அதில் எழுத ஆரம்பித்தார். ஒரு வரி. அதன் கீழே இன்னொன்று. வாய் ஏதோ முணுமுணுத்தது. மூன்றாவது வரியின் நடுவில் குடையை ஊன்றி, "இதோ, இங்கதான்" என்றார். நான்காவது வரியைத் தொடங்கினார். பாதியில் நின்றார். தலையைச் சாய்த்தார். மூன்றாவது வரியைச் செருப்பால் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். மறுபடி நின்றார்.

மண்வெட்டிக்காரர்களில் ஒருவர் மண்வெட்டியை ஓங்கினார். அண்ணன் கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று சாடை காட்டினார். அவர் மண்வெட்டியை இறக்கி அதன் பிடியில் தாடையை ஊன்றிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம், ஓட்டை இங்கதானே இருந்துச்சு?" என்றார் கிழவர், யாரிடமும் இல்லாமல்.

தூறல் விழ ஆரம்பித்தது. கல்லூரிக்காரர்கள் மரத்தடிக்கு ஓடினார்கள். அண்ணனும் சின்னவளும் நகரவில்லை. குடையின் நுனி மண்ணைத் தொடாமல் நான்காவது வரிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அவர் அதை விரிக்கவில்லை. யாரும் விரிக்கச் சொல்லவும் இல்லை.